லட்ச ரூபாய் கேமரா... ஆயிரம் ரூபாய் பேட்டரி!

அதிகாலை 4.30 முதல் 6 மணி வரை முகூர்த்தம். மேடையைச் சுற்றி நான்கு கேமராக்கள். ‘கெட்டிமேளம்... கெட்டிமேளம்!’ என்று புரோகிதர் கையை உயர்த்த, நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்கு ஏறுகின்றன. மாப்பிள்ளை தாலியை மணப்பெண்ணின் கழுத்தருகே கொண்டு போகும் நேரத்தில், முன்வரிசை கேமராவின் திரை சட்டென்று இருண்டுபோகிறது. கொஞ்சம் முன்புதான் அதே திரை 40 சதவிகிதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டியது. பேட்டரியை மாற்றி, கேமரா மறுபடி உயிர் பெறுவதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிடும்.

கல்யாண போட்டோகிராபர்கள் நான்கு பேர் கூடினால் இப்படி ஒரு கதை கட்டாயம் வரும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் போட்டு கேமரா பாடி வாங்குகிறவர்கள், அதற்குச் சமமாக லென்ஸுக்குச் செலவழிக்கிறவர்கள், பேட்டரி என்று வரும்போது மட்டும் ஏன் மலிவைத் தேடுகிறார்கள்? வேறு கம்பெனிகள் தயாரிக்கும் மாற்று பேட்டரிகளை நம்பலாமா? கேமரா கெடுமா? தீப்பிடிக்குமா? வாரண்டி போய்விடுமா? கேமரா கம்பெனிகள் சொல்வதெல்லாம் உண்மையா, வியாபாரமா?

கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

ஒரு பேட்டரி போதாத காலம்

மாற்று பேட்டரி வாங்குகிறவர்களைக் கஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய கணக்கில் நியாயம் இருக்கிறது.

2016-ல் வந்த கேனான் 5டி மார்க் 4, கண்ணாடி வைத்த பழைய பாணி டி.எஸ்.எல்.ஆர். ஒரு முழு சார்ஜில் சுமார் 900 படங்கள் எடுக்கும் என்று கேனானே அறிவித்தது. 2020-ல் அதே கம்பெனி வெளியிட்ட மிரர்லெஸ் கேமரா ஆர்5. அதற்குக் கொடுத்த பேட்டரி முந்தையதைவிடக் கொள்ளளவில் பெரியது. 1,865 எம்.ஏ.ஹெச்சிலிருந்து 2,130 ஆக உயர்ந்திருந்தது. ஆனால், பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது கிடைக்கும் படங்களின் எண்ணிக்கையோ சுமார் 320தான். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரும் திரையும் ஓயாமல் வேலை செய்கின்றன. கண் கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ், 4கே, 8கே வீடியோ என்று ஒவ்வொன்றும் மின்சாரத்தைக் குடிக்கிறது.

இந்தப் பட எண்ணிக்கைகள் ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிபா வகுத்த முறைப்படி, 23 டிகிரி வெப்பநிலையில் சோதித்துப் பெறப்படுபவை. வரவேற்பில் ஆரம்பித்து மறுநாள் மதிய விருந்து வரை ஓடும் நம் ஊர்க் கல்யாணம் அந்தச் சோதனைக்கூடத்தில் இல்லை. ஒரு கேமராவுக்கு மூன்று, நான்கு பேட்டரி இல்லாமல் எந்த கேண்டிட் போட்டோகிராபரும் மண்டபத்துக்குள் நுழைவதில்லை. இரண்டு கேமரா என்றால் ஆறு, எட்டு பேட்டரி.

இங்கேதான் விலை வந்து நிற்கிறது. ஒரு ஒரிஜினல் பேட்டரியின் விலையில் பெயர் தெரிந்த மாற்று பேட்டரிகள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். கூடவே இரட்டை சார்ஜரும் கொடுப்பார்கள். மாதத் தவணையில் கேமரா வாங்கித் தொழிலுக்கு வந்த இளைஞர் எதை எடுப்பார்? யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்குவது எது என்று தெரிந்து வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

லித்தியம் அயான் பேட்டரிக்கும் கேமராவுக்கும் பூர்விக உறவு உண்டு. 1991-ல் சோனி இந்த வகை பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அதைப் பொருத்தியது ஒரு ஹேண்டிகேம் வீடியோ கேமராவில்தான். இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கேமரா பேட்டரியைப் பிரிப்பது ஆபத்து. யாரும் வீட்டில் முயலக் கூடாது. சர்வீஸ் சென்டர் மேஜையில், முழுதாக சார்ஜ் இறங்கிய ஒன்றை விவரம் தெரிந்தவர் பிரித்துக் காட்டினால் உள்ளே இருப்பது இதுதான்: ஒன்றோடொன்று சேர்த்து வைத்த இரண்டு செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். இரண்டும் தொடராக இணைந்து 7.2 வோல்ட். முழு சார்ஜில் இது 8.4 வோல்ட் வரை போகும். செல்களை இணைக்கும் மெல்லிய நிக்கல் பட்டைகள். அவற்றின் தலைமாட்டில் சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு. செல்லை ஒட்டினாற்போல, கடுகளவில் ஒரு தெர்மிஸ்டர்.

பேட்டரியின் தரம் முழுவதும் இந்த நான்கு பொருள்களில் அடங்கியிருக்கிறது. சர்க்யூட் போர்டுதான் காவலாளி. சார்ஜ் அளவுக்கு மீறிப் போனாலும், அளவுக்குக் கீழே இறங்கினாலும், மின்னோட்டம் எகிறினாலும், ஷார்ட் ஆனாலும் இணைப்பைத் துண்டிக்க வேண்டியது அதன் வேலை. செல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சார்ஜருக்குச் சொல்வது தெர்மிஸ்டரின் வேலை.

நல்ல மாற்று பேட்டரியில் இவை எல்லாமே இருக்கும். மிக மலிவானதில் எங்கெங்கே கை வைக்கிறார்கள்? முதலில் செல். தரத்தில் தேறாத செல்லோ, பழைய பேட்டரியிலிருந்து உருவி எடுத்த செல்லோ புது உறைக்குள் போய்விடுகிறது. அடுத்து காவல் சர்க்யூட்டில் பாகங்கள் குறைகின்றன. கடைசியில் அந்தக் கடுகளவு தெர்மிஸ்டரையும் விடுவதில்லை. அதன் இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், செல் கொதித்துக்கொண்டிருந்தாலும் சார்ஜருக்கு ‘வெப்பநிலை சரியாக இருக்கிறது’ என்ற தகவலே போகும். மிச்சமாவது சில பைசா. அந்தச் சில பைசாவுக்காக வீட்டில் தூங்குகிறவர்களின் பாதுகாப்பை விற்கிறார்கள்.

40 சதவிகிதம் எப்படிப் பூஜ்யமானது?

முன்பெல்லாம் பெரும்பாலான கேமரா பேட்டரிகளில் பிளஸ், மைனஸ், வெப்பத்துக்கு ஒரு முனை, அவ்வளவுதான். 2008-ல் 5டி மார்க் 2 கேமராவோடு கேனான் எல்.பி-ஈ6 பேட்டரியை அறிமுகப்படுத்தியபோது உள்ளே ஒரு சிப்பையும் வைத்தது. மீதி சார்ஜ் எத்தனை சதவிகிதம், இந்த சார்ஜில் எத்தனை படம் எடுத்தாகிவிட்டது, பேட்டரியின் ஆயுள் எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் கேமரா திரையில் பார்க்க முடிந்தது. இப்போது எல்லாக் கம்பெனிகளும் ஏதோ ஒரு வகையில் இதைச் செய்கின்றன.

அந்த சிப் பேசும் மொழியைக் கம்பெனிகள் வெளியிடுவதில்லை. மாற்று பேட்டரி தயாரிப்பவர்கள் அதைத் தாங்களாகவே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டும். கடைகளில் ‘ஃபுல்லி டீகோடட்’ என்று அட்டையில் போட்டு விற்பது இதைத்தான். டீகோட் சரியாகச் செய்திருந்தால் சதவிகிதம் ஓரளவு சரியாகவே காட்டும். அரைகுறையாகச் செய்திருந்தால் கேமராவுக்குத் தவறான கணக்கு போகும். நூறிலிருந்து நாற்பது வரை நிதானமாக இறங்கி, அங்கிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுவது இதனால்தான். பேட்டரியோடு சரியாகத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வருவதும், ஒரிஜினல் சார்ஜர் அதை ஏற்க மறுப்பதும், கேமராவுக்குள் வைத்தபடியே யு.எஸ்.பி வழியாக சார்ஜ் ஏறாமல் போவதும் இதே கோளாறின் வேறு முகங்கள்.

மின்சாரம் திடீரென்று நிற்பதன் விலை ஒரு படத்தோடு முடிவதில்லை. வீடியோ பதிவாகும்போது, கோப்பை முடித்து மூடும் தகவல் கடைசியில்தான் கார்டில் எழுதப்படும். அதற்கு முன் பேட்டரி போனால் அரை மணி நேர வீடியோ முழுவதும் திறக்காமல் போகலாம். டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி சென்சாரைத் துடைக்கும்போது சார்ஜ் போனால் கண்ணாடி துடைப்பானின் மேலேயே விழும். ஃபர்ம்வேர் அப்டேட் நடக்கும்போது நின்றுபோனால், கேமரா சர்வீஸ் சென்டருக்குப் போகாமல் எழுந்திருக்காது. இந்த மூன்று வேலைகளுக்கும் முழு சார்ஜில் உள்ள ஒரிஜினல் பேட்டரியைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

கடையில் இருப்பது மூன்று ரகம்

‘ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் இருப்பது மூன்று ரகம்.

முதல் ரகம், கேமரா கம்பெனியே தன் பெயரில் விற்கும் பேட்டரி.

இரண்டாவது ரகம், வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரைப் போட்டு, ‘இன்ன மாடலுக்குப் பொருந்தும்’ என்று சொல்லி விற்பது. ஜெர்மனியின் பட்டோனா, போலந்தின் நியூவெல், சீனாவின் ஸ்மால்ரிக், நைட்கோர், நம் நாட்டின் டிஜிடெக், சிம்பெக்ஸ் என்று இந்த வரிசை நீளம். மாடலுக்கு மாடல் தரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் பிரச்னை வந்தால் போய் நிற்க ஒரு பெயர் இருக்கிறது. இது முழுக்க முழுக்க நேர்மையான வியாபாரம்.

மூன்றாவது ரகம், கேமரா கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டிய போலி. இதைத் தயாரித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பெயருமே இல்லாமல், அல்லது இன்றைக்கு வைத்து நாளைக்கு மாறும் பெயரில் இணையத்தில் விற்கப்படுபவற்றையும் இதனோடுதான் சேர்க்க வேண்டும்.

மூன்றில் மோசமானது எது? மலிவு பேட்டரி என்று தெரிந்து வாங்குகிறவர் எச்சரிக்கையோடு இருப்பார். போலியை வாங்கியவரோ ஒரிஜினல் என்று நம்பி, முகூர்த்த நேரத்துக்கு அதைத்தான் கேமராவில் போடுவார். ஒரிஜினல் விலையில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து விற்பதால் பணத்தையும் முழுதாக இழக்கிறார். இப்படிப் போலி முத்திரையிட்ட பொருளை விற்பது 1999-ம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருந்தும், சரக்கு அலமாரியில் இருக்கிறது.

லேபிளைப் பெருக்கிப் பாருங்கள்

மாற்று பேட்டரிகளின் லேபிளில் அதிகம் விளையாடுவது எம்.ஏ.ஹெச் எண்ணில்தான். ஒரிஜினலைவிடப் பெரிய எண் போட்டால் விற்கும் என்பது கணக்கு.

சோனியின் என்.பி-எஃப்.இசட்100 பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 2017-ல் ஏ9 கேமராவோடு வந்தது. 7.2 வோல்ட், 2,280 எம்.ஏ.ஹெச். எடை சுமார் 83 கிராம். இரண்டு எண்களையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 16.4. லேபிளில் வாட் ஹவர் என்ற இடத்திலும் அதே 16.4 இருக்கும். இப்போது அதே அளவு டப்பாவில் ‘7.2 வோல்ட், 2,600 எம்.ஏ.ஹெச்’ என்று ஒருவர் விற்கிறார் என்றால், வாட் ஹவர் 18.7 இருக்க வேண்டும். அவர் லேபிளில் 16.4 என்றோ, அதைவிடக் குறைவாகவோ அச்சிட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தால் போதும், கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது சோதனை தராசு. லித்தியம் அயான் செல்லில் மின்சாரத்தைத் தேக்குவது உள்ளே சுருட்டி வைத்த பொருள். பொருள் குறைந்தால் எடை குறையும். ஒரிஜினலைவிட அதிகக் கொள்ளளவு என்று சொல்லிக்கொண்டு, எடையில் நன்றாகக் குறையும் பேட்டரியை வாங்காதீர்கள். சமையலறை டிஜிட்டல் தராசே இதற்குப் போதும்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. ஒரே கேமரா, ஒரே கார்டு, ஒரே வீடியோ தரம். ஒரிஜினலை முழு சார்ஜ் செய்து, கேமரா தானாக அணையும் வரை பதிவு செய்து நேரத்தைக் குறியுங்கள். அடுத்து மாற்று பேட்டரியை அதேபோல ஓட்டுங்கள். எந்தச் சதவிகிதத்தில் அணைந்தது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலில் பாதி நேரம்கூட ஓடாதது, 20 சதவிகிதத்துக்கு மேல் காட்டிக்கொண்டே அணைந்தது, இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

உண்மையான ஆபத்து எங்கே?

மாற்று பேட்டரி போட்டால் கேமரா எரிந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதை அளவோடு பார்ப்போம். சரியாகச் செய்த மாற்று பேட்டரி தருவதும் அதே 7.2 வோல்ட்தான். கேமராவுக்குள் போன பிறகு அந்த மின்சாரத்தை ஒவ்வொரு பாகத்துக்கும் ஏற்றபடி ஒழுங்குபடுத்தும் சர்க்யூட்டுகள் தனியாக இருக்கின்றன. பேட்டரி பலவீனமாக இருந்தால் கேமரா அணையும். பெரும்பாலான சம்பவங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

கேமரா உடலுக்கு வரும் நிஜமான ஆபத்து, பேட்டரி உப்புவது. செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. மெல்லிய உறை கொண்ட செல் பருக்கிறது. அரை மில்லிமீட்டர் பருத்தால்கூடப் போதும், அளவெடுத்துச் செய்த கேமராவின் பேட்டரி அறையில் அது இறுகிக்கொள்ளும். கதவு திறக்கும், தாழ் விலகும், பேட்டரி வெளியே வராது. அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உறை கிழிந்து ஷார்ட் ஆகலாம். பாடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு வரும் இடம் இதுதான். மேஜைமேல் வைத்து விரலால் மெல்லத் தொட்டால் பேட்டரி ஆடுகிறதா, பக்கங்கள் சமமாக இருக்கின்றனவா, கவிழ்த்தால் தானாக வழுக்கி வெளியே வருகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இறுக ஆரம்பித்த பேட்டரி அன்றோடு ஓய்வு பெறட்டும்.

தீ விபத்தின் ஆபத்தோ, பெரும்பாலும் சார்ஜ் ஏறும் நேரத்தில்தான். மலிவு பேட்டரியோடு இலவசமாக வரும் மலிவு சார்ஜர், கட்டில் மெத்தைமேல், இரவு முழுவதும். இந்த மூன்றும் சேரும்போது செல் அளவு மீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புப் படலம் உருகி, ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கிறது. தொடங்கினால் தானாக நிற்காத சூடு அது. எனவே, சார்ஜ் போடும் இடம் டைல்ஸ் தரையாகவோ கல் மேடையாகவோ இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் வேண்டாம்.

கம்பெனிகள் மட்டும் யோக்கியமா?

ஒரிஜினல் என்றாலே பழுதில்லை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் நிக்கான் தன் இ.என்-இ.எல்3 பேட்டரிகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. 2012-ல் இ.என்-இ.எல்15 பேட்டரியில் குறிப்பிட்ட தொகுதிகளை, ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிச் சூடாகி உறை உருக்குலையும் ஆபத்து இருப்பதாகச் சொல்லித் திரும்பப் பெற்றது. கம்பெனிப் பொருளின் பலமும் இதே சம்பவங்களில்தான் தெரிகிறது. தவறு வெளிவந்தது, தொகுதி எண் அறிவிக்கப்பட்டது, வாங்கியவருக்குப் பதிலுக்கு வேறு பேட்டரி கிடைத்தது. பெயரில்லாத பேட்டரியில் தவறு நடந்தால் யார் அறிவிப்பார்கள்?

ஆனால், பாதுகாப்பு என்ற பெயரில் கதவடைக்கும் வேலையையும் கம்பெனிகள் செய்திருக்கின்றன. 2009-ல் பானாசோனிக், ஃபர்ம்வேர் அப்டேட் மூலம் தன் பேட்டரி அல்லாதவற்றை ஏற்காதபடி சில லூமிக்ஸ் கேமராக்களை மாற்றியது. 2013-ல் நிக்கானின் டி3100, டி3200, டி5100, டி5200 கேமராக்களுக்கு வந்த அப்டேட்டுக்குப் பிறகு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மாற்று பேட்டரிகள் பல வேலை செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமராவின் குணம், வாங்கிய பிறகு மாறுவது எப்படி நியாயம்?

எல்லாக் கட்டுப்பாடும் சூழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. 2024-ல் வந்த கேனான் ஆர்5 மார்க் 2 கேமராவுக்காக, அதிக மின்னோட்டம் தரக்கூடிய எல்.பி-ஈ6பி என்ற பேட்டரி வந்தது. அந்த கேமராவில் கேனானின் சொந்தப் பழைய பேட்டரியைப் போட்டாலே சில வசதிகள் முடங்கிவிடும். 8கே வீடியோ கேட்கும் மின்சாரத்தை எல்லா பேட்டரியாலும் கொடுக்க முடியாது என்பது பொறியியல் உண்மை. அந்த உண்மையை வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் புகார் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2006-ல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலையே விட்டது. சாம்சங் தன் என்.எக்ஸ் வரிசை கேமராக்களைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டது. அந்த கேமராக்கள் இன்னும் படம் எடுக்கின்றன. பேட்டரிதான் வயதாகிச் செத்துப்போகிறது. இப்படிக் கைவிடப்பட்ட கேமராக்களுக்கு உயிர் கொடுப்பது மாற்று பேட்டரி தயாரிப்பவர்கள் மட்டுமே. அவர்கள் இல்லாவிட்டால் நல்ல கேமராக்கள் குப்பைக்குப் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து சட்டமே போட்டிருக்கிறது. 2023-ம் ஆண்டின் பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தில், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்தும். பொருந்தக்கூடிய வேறு பேட்டரியைப் போடுவதை மென்பொருள் மூலம் தடுக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இந்தியாவுக்கும் இப்படி ஒரு சட்டம் தேவை.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டி அட்டையின் சிறிய எழுத்துகளைப் படித்தால் பெரும்பாலான கம்பெனிகள் எழுதியிருப்பது ஒன்றுதான்: பிறர் தயாரித்த துணைக்கருவியால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை. மாற்று பேட்டரி பயன்படுத்தியதாலேயே ஷட்டர் கோளாறுக்கோ திரைக் கோளாறுக்கோ வாரண்டி கிடையாது என்று சொல்வது வேறு விஷயம். சேதத்துக்குக் காரணம் பேட்டரிதான் என்று அவர்கள் சொன்னால், அதை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். நியாயமில்லாத மறுப்பு என்று தோன்றினால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பேட்டரி அறையில் உப்பிய மாற்று பேட்டரி சிக்கிக்கொண்டு நின்றால் மட்டும், வாரண்டியில் கேட்க வழியில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பி.ஐ.எஸ் பதிவு எண்: இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ் 16046 தரத்தின் கீழ் கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் அதற்குப் பின் எட்டு இலக்கங்களும் இருக்கும். ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், அது யாருடைய பெயரில், எந்தப் பொருளுக்காகப் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். லேபிளில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர், வேறு பொருள் என்றால் வாங்காதீர்கள்.

அட்டைப்பெட்டி: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், எம்.ஆர்.பி, புகார் எண். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளின்படி இவை கட்டாயம். இறக்குமதியாளர் முகவரி இல்லாத பேட்டரிக்குத் தகப்பன் கிடையாது.

மாடல்: உங்கள் கேமராவின் பெயரும், கடைசியாகப் போட்ட ஃபர்ம்வேர் பதிப்பும் சொல்லிக் கேளுங்கள். பழைய மாடலுக்கு ஓடியது புதியதில் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

ஒரிஜினல் வாங்கும்போது: கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டும், ஜி.எஸ்.டி பில்லோடு. வழக்கமான விலையைவிட வெகுவாகக் குறைத்துக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

நம் ஊர் வெயிலும் பேட்டரியும்

பல சார்ஜர்களின் கையேட்டில் 5 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் செய்யச் சொல்லியிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் அதைவிடப் பல டிகிரி அதிகம். சித்திரைத் திருவிழா படமெடுக்கப் போகிறவர்கள் பேட்டரியை கார் டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் ஓடிச் சூடான பேட்டரியை ஆறிய பிறகே சார்ஜில் போடுங்கள்.

மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. முழுதாக இறங்கிய நிலையில் மறந்துபோய்விட்ட பேட்டரியைப் பிறகு வலுக்கட்டாயமாக உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே வேதியியல் சிதைந்திருக்கும். விமானத்தில் போகும்போது உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளுக்கு மூடி போட்டு. செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் செய்யாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. கடையில் கேளுங்கள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மையத்தில் கொடுங்கள்.

எப்படி முடிவெடுப்பது?

தொழிலுக்காகப் படமெடுப்பவருக்கு என் யோசனை: ஒரு கேமராவுக்கு இரண்டு ஒரிஜினல் கட்டாயம். முகூர்த்தம், மேடை வரவேற்பு, திரும்பக் கிடைக்காத எந்தத் தருணமும் ஒரிஜினலில்தான். ஓட்டிப் பார்த்துத் தேறிய மாற்று பேட்டரிகளை அலங்காரம், மண்டபம், சாப்பாட்டுப் பந்தி, ஒத்திகை, விளக்குகள் என்று நிறுத்தி மாற்ற முடிந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். ஓட்டம் தேய்ந்துபோனதைத் தயங்காமல் விலக்குங்கள். குடும்பத்துக்காக, ஆசைக்காகப் படமெடுப்பவர் கேமராவோடு வந்த ஒரிஜினலோடு, பதிவு எண் சரியாக உள்ள ஒரு மாற்று பேட்டரி வைத்துக்கொண்டால் தாராளம்.

கேமரா கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. உதிரி பேட்டரியின் விலையைச் சாதாரணத் தொழிலாளிக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கேமராவை நிறுத்தினாலும் பேட்டரியைப் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். தரமான மாற்று பேட்டரிகளை அப்டேட் மூலம் முடக்காதீர்கள். அரசிடம் ஒரு வேண்டுகோள்: பதிவு எண் இல்லாத பேட்டரிகளை இணையச் சந்தைகள் பட்டியலிடவே முடியாதபடி செய்யுங்கள்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பேட்டரி எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட, அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு பதிவு எண். மூன்றும் இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.